ஆப்சென்ட் போட்டவர்கள் எங்கே இருந்தார்கள்

போன மாதம் எங்கள் கல்லூரி அலுவலகத்திலிருந்து பிரியதர்ஷினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வருகைப்பதிவுப் பிரிவை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"மேடம், இப்பெல்லாம் முகத்தைக் காட்டினா மிசினே அட்டெண்டன்ஸ் போட்டுக்குதுங்க. வரலைன்னா பத்து மணிக்கெல்லாம் அப்பா அம்மா போனுக்கு மெசேஜ் போயிருதுங்க. ஆனா மூணு நாள் தொடர்ந்து வராத பிள்ளைங்களை ஆபீஸ்காரங்க நேர்ல போய்ப் பார்க்கோணும்னு ஒரு பழைய ரூல் இருக்குதுங்களே, அது எதுக்குங்க? புதுசா வந்தவங்க கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியலீங்க."

அது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

என் பெயர் வசந்தாமணி. வீடு கோவை கணபதியில். பி.காம். முடித்துத் தட்டச்சு ஹையரும் முடித்த கையோடு, சூலூரைத் தாண்டி இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். காலேஜ் பஸ்ஸிலேயே போய் வந்து, கடைசியில் அதே பிரிவுக்குக் கண்காணிப்பாளராக இருந்து வெளியே வந்தேன். நான் பாடம் நடத்தியதில்லை. மனநலம் படித்ததில்லை. என் வேலையெல்லாம் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதைக் கட்டத்துக்குள் எழுதுவதுதான்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெரிய பதிவேடு இருக்கும். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் வகுப்பு என்றால் ஏழு கட்டம். வாத்தியார்கள் தரும் சீட்டைப் பார்த்து வந்தவர்களுக்கு ஒரு கோடு, வராதவர்களுக்கு 'ஏ'. மாதம் முடிந்ததும் கூட்டிச் சதவீதம் போடுவோம். எழுபத்தைந்து இருந்தால் பரீட்சை எழுதலாம். கொஞ்சம் குறைந்தால் மருத்துவச் சான்றிதழ் கொடுத்துத் தப்பிக்கலாம். அறுபத்தைந்துக்கும் கீழே போனால் அந்தப் பருவமே போச்சு, அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். அப்படிப் போகிறவர்களின் வீட்டுக்கு ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு கடிதத்தைப் பெயர் மட்டும் நிரப்பிப் பதிவுத் தபாலில் அனுப்புவோம்.

சேர்ந்த புதிதில் அப்படி அனுப்பிய கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் வந்தார். தறி ஓட்டுகிறவர். சட்டையில் பஞ்சுத்தூசி இருந்தது. "இங்கிலீசுல இருக்குதுங்க அம்மிணி, என்னன்னு படிச்சுச் சொல்லுங்க" என்று என்னிடமே கொடுத்தார்.

"உங்க பையன் காலேஜுக்கு வர்றதில்லைன்னு போட்டிருக்குதுங்க."

"அதெப்படீங்க? தெனமும் டிபன் பாக்ஸ்ல சோறு கட்டிக்கிட்டுத்தானுங்க வாரான்?"

தேடி அழைத்து வந்து கேட்டபோதுதான் தெரிந்தது, வந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். கல்லூரி பஸ்ஸில் ஏறி, வாசலில் இறங்கி, எதிரே இருந்த கோயில் மண்டபத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு அதே பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருக்கிறான். முதல் மாதத்தில் வகுப்பில் எழுந்து ஆங்கிலத்தில் ஏதோ பதில் சொல்லப் போய், எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். அவ்வளவுதான் காரணம். தகப்பனார் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். அந்தப் பையன் திரும்பி வரவே இல்லை.

நாலு மாதம் அவன் பெயருக்கு நேராக வரிசையாக 'ஏ' போட்டவள் நான். கையெழுத்துகூட அழகாக இருக்கும். அவன் எங்கே இருக்கிறான் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. என் இருக்கைக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்திருந்தால் அந்த மண்டபம் தெரிந்திருக்கும்.

அதற்குப் பல வருஷம் கழித்துத் துணை முதல்வராக ராஜலட்சுமி மேடம் வந்தார். கணக்குப் பேராசிரியர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். வெளியே எங்களைவிடச் சுத்தமான கொங்குத் தமிழ் பேசுவார். வாட்ச்மேன் முதல் சேர்மன் வரை எல்லோருக்கும் ஒரே 'ங்க'தான். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் அவர் அறைக்குள் போகும் முன் நான் வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவேன். காரணம், வருகை குறைந்தவர்கள் பட்டியலில் அவர் கையெழுத்துப் போடும் விதம்.

அவருக்கு முன்பிருந்தவர்கள் நான் பக்கத்தைப் புரட்டப் புரட்டக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனில் பேசுவார்கள். இவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "படிங்க வசந்தா" என்பார். நான் பெயரையும் ஊரையும் சத்தமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, "முகம் தெரியுமாங்க உங்களுக்கு?" என்று கேட்பார். தெரியும் என்றால் அடுத்தது. தெரியாது என்றால் பேனா மூடியைப் போட்டுவிடுவார். "முகம் தெரியாத பிள்ளைக்கு எப்படீங்க நான் கையெழுத்துப் போடறது? பார்த்துட்டு வாங்க."

ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. கிளார்க்கு வேலைக்கு வந்தவளை வகுப்பு வகுப்பாக அலைய விடுகிறாரே என்று பஸ்ஸில் புலம்பியிருக்கிறேன். ஒரு வருஷத்தில் எனக்கே பழகிவிட்டது. பட்டியலை அவரிடம் கொண்டுபோகும் முன்பே போய்ப் பார்த்துவிடுவேன்.

அப்படித்தான் கவிப்பிரியாவைப் பார்க்கப் போனேன். இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மேடம், பேரை மட்டும் மாத்திருங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண். அப்பா பழனிச்சாமி வாழை போடுகிற விவசாயி. எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம், விடுதி மாணவி. அவள் பதிவேட்டில் ஒரு விசித்திரம் இருந்தது. ஏழு வாரமாக லேப் வகுப்பு ஒன்றுகூட விடவில்லை. மற்ற எல்லா வகுப்புக்கும் 'ஏ'. சோம்பேறித்தனம் என்றால் லேபுக்கு எதற்கு வர வேண்டும்? வாத்தியார் பிடிக்கவில்லை என்றால் ஒரு பாடத்துக்குத்தானே வராமல் இருப்பாள்?

முற்பகல் பதினோரு மணிக்கு விடுதி உதவிக் காப்பாளரை அழைத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். கதவு தாழிட்டிருக்கவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி நாலைந்து நாள் இருக்கும். மேசைமேல் மெஸ்ஸிலிருந்து யாரோ எடுத்து வந்து வைத்த இட்லி அப்படியே காய்ந்துபோயிருந்தது. நான் யார் என்று சொன்னேன். எழுந்து நிற்கப் பார்த்தாள். உட்காரச் சொல்லி நானும் கட்டிலில் உட்கார்ந்தேன்.

'ஏன் கிளாசுக்கு வரலை' என்பதுதான் நாக்கு நுனியில் இருந்தது. அதை எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள் என்று தோன்றியதால் வேறு கேட்டேன்.

"லேபுக்கு மட்டும் எப்படி கண்ணு தவறாம வர்றே?"

போர்வை நுனியை இழுத்து மடித்தாள். பிறகு சொன்னாள். "லேப்ல ரோல் நம்பர்படி எனக்கு ஒரு டேபிள் இருக்குதுங்க மேடம். கிளாஸ்ல எங்க உட்கார்றதுன்னு தெரியலீங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பிறகுதான் புரிந்தது. அவள் படித்தது விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடம். விடிவதற்குள் எழுப்பி, எங்கே உட்கார வேண்டும், எப்போது பேச வேண்டும், எப்போது பேசக் கூடாது என்று எல்லாவற்றையும் மணியடித்துச் சொல்லிவிடுவார்கள். நல்ல மதிப்பெண் வாங்கினாள். ஆனால் தானாகப் போய் ஒருத்தியிடம் 'நான் உன் பக்கத்தில் உட்காரட்டுமா' என்று கேட்க அவளுக்குப் பழக்கமே இல்லை. கல்லூரியில் முதல் மாதத்திலேயே எல்லோரும் கூட்டு சேர்ந்துவிட்டார்கள். இவள் எங்கே உட்கார்ந்தாலும் "அது அவ எடம்பா" என்று யாராவது சொன்னார்கள். முதல் பருவத்தில் கணக்கில் பெயில். வீட்டில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் இவள் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கோபி பஸ் ஸ்டாண்டு எதிரில் பிளக்ஸ் வைத்திருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கினால் முதலில் தெரிவது அவள் முகம்தான். அதைப் பார்க்க முடியாமல் ஊருக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

கடைசியில் அவள் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் முழுசாக எழுதப் போவதில்லை. தூங்கினால் எழுந்திருக்காமலே இருந்துவிட்டால் தேவலை என்கிற மாதிரி ஒன்று. அழுதுகொண்டு சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் புத்தி சொல்லவில்லை, சொல்லவும் வரவில்லை. "எங்கிட்ட சொன்னது நல்லது கண்ணு. உன்னைத் தனியா உட்டுட்டுப் போக மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே துணை முதல்வருக்குப் போன் செய்தேன். வெயிலில் அவரே நடந்து வந்தார். கல்லூரிக்கு மனநல ஆலோசகர் புதன்கிழமை மட்டும்தான் வருவார், அன்று வெள்ளி.

"புதன் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லீங்க. வண்டி வரச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அன்று மத்தியானமே கோவையில் ஒரு மனநல மருத்துவரிடம் மூன்று பேரும் போனோம். மருத்துவர் சின்ன வயசுப் பெண். கவிப்பிரியாவோடு தனியாக நெடுநேரம் பேசிவிட்டு எங்களை அழைத்தார். இது மனச்சோர்வு நோய், மருந்தும் பேச்சும் சேர்ந்தால் நன்றாகக் குணமாகும், ஆனால் இப்போதைக்கு ஆள் துணையில்லாமல் இருக்கக் கூடாது, வீட்டில் சொல்லியாக வேண்டும் என்றார்.

"அப்பாகிட்ட மட்டும் வேண்டாங்க மேடம்" என்று அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

"சொல்லித்தான் ஆகோணும் அம்மிணி" என்றார் துணை முதல்வர். "ஆனா லெட்டர் போகாது. நீ பக்கத்துல இருக்கறப்போ, உம்முன்னாலதான் சொல்லுவேன். நீ போதும்னா நிறுத்திக்கறேன்."

அவள் அம்மாவும் அப்பாவும் மறுநாள் காலையில் துணை முதல்வர் அறைக்கு வந்தார்கள். அம்மா மகளைப் பார்த்ததும் வாரிய தலையையே மறுபடி வாரிவிட ஆரம்பித்துவிட்டார். பழனிச்சாமி நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"ஏனுங்க, எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி வந்ததில்லீங்க. வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவளைக் கட்டிக்குடுக்கோணுமேங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மேடம் கோபப்படவில்லை, வாதமும் செய்யவில்லை. என் கையிலிருந்த பதிவேட்டை வாங்கிப் பழனிச்சாமியின் மடியில் விரித்து வைத்தார். அவர் விரலை வைத்துத் தேடி மகள் பெயரைக் கண்டுபிடித்தார். அந்த வரிசையிலேயே விரல் நகர்ந்து போனது.

"இந்த ஏ போட்ட நேரமெல்லாம் எங்கீங்க இருந்தா?"

"ரூம்லதானுங்க. கட்டில்ல, செவுத்தைப் பார்த்துக்கிட்டு" என்றேன்.

விரல் நின்றுவிட்டது. மகளிடம் திரும்பினார். "வாரா வாரம் ஞாயித்துக்கெழமை போன் பண்றப்போ நல்லாருக்கேன்னுதானே சாமி சொன்னே?"

"கணக்குல பெயிலுங்கப்பா. நீங்க நல்லாருக்கோம்னு சொன்னீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"நாங்க எங்கடா நல்லாருந்தோம்?" என்றார் அவர். "சித்திரைக் காத்துல வாழை மொத்தமும் சாஞ்சுபோச்சு. ஒரு மாசம் நான் தோட்டத்துப் பக்கமே போகலை. பந்தல்லயே படுத்துக் கெடந்தேன். படிக்கிற புள்ளைக்குச் சொல்லாதேன்னு உங்கம்மாளை நாந்தான் அடக்கிப்போட்டேன்."

அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வாரா வாரம் போனில் நல்லாருக்கேன் என்றே சொல்லிக்கொண்டு, இரண்டு பக்கமும் படுத்துக் கிடந்திருக்கிறார்கள்.

பிறகு பழனிச்சாமி சொன்னார். "அந்த பிளக்ஸா உன்னைய ஊருக்கு வர உடல? அது கிழிஞ்சே போச்சு சாமி. இப்ப அதுல வேற புள்ள படம் போட்டிருக்காங்க."

கவிப்பிரியா சிரித்துவிட்டாள். சின்னச் சிரிப்புதான். அவள் அம்மா சீப்பைக் கீழே போட்டுவிட்டு அழுதார்.

இதற்குப் பின்னால் நான் செய்யப் பார்த்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். அவள் வருகை அறுபத்தைந்துக்கும் கீழே போய்விட்டது. இருபது, இருபத்தைந்து 'ஏ'வைக் கோடாக்கினால் மேலே வந்துவிடும். யாருக்கும் தெரியாது. இவ்வளவு பட்ட பிள்ளைக்கு ஒரு வருஷத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கலாமே என்று மேடத்திடம் கேட்டேன்.

"வேண்டாமுங்க" என்றார்.

"புண்ணியமாப் போகுமேங்க."

"வசந்தா, அவ ஏழு வாரம் இல்லாமப் போனதை நாம யாரும் பார்க்கலை. இப்ப இருந்தான்னு எழுதினீங்கன்னா, இன்னொருக்கா பார்க்காம உடறோம். அதுவுமில்லாம உடம்பு சரியில்லாத பிள்ளையை அடுத்த மாசம் பரீட்சை எழுது, நாலு பேப்பரும் பாஸ் பண்ணுன்னு தள்றது புண்ணியமாங்க?"

நான் ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் கண்டுகொள்ளவில்லை. மருத்துவச் சான்றிதழ் வைத்து படிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க முறைப்படி அவரே கைப்பட எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். கவிப்பிரியா வீட்டுக்குப் போனாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அப்பாவும் மகளும் கோபியிலிருந்து பஸ் ஏறி அந்த மருத்துவரிடம் வந்து போனார்கள். போகிற வழியில் எனக்குப் போன் செய்வார் பழனிச்சாமி. "இன்னிக்கு ரெண்டு தோசை சாப்பிட்டாளுங்க" என்பார். அவ்வளவுதான் செய்தி. ஒரு நாள், "மாத்திரை சாப்பிட்டா தூக்கமா வருதாமுங்க, டாக்டரம்மாகிட்டச் சொல்லி மாத்திட்டு வந்தோமுங்க" என்று எனக்கே விளக்கினார். கட்டிக்கொடுக்கும் பேச்சை அவர் வாயிலிருந்து நான் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் துணை முதல்வர் ஒரு சுற்றறிக்கை போட்டார். முதல் இரண்டு வருஷ வகுப்புகளில் எல்லோருக்கும் ரோல் நம்பர்படி இடம், வாரா வாரம் ஒரு வரிசை தள்ளி உட்கார வேண்டும். யாருக்காக என்று அவர் சொல்லவில்லை. பிள்ளைகள் கொதித்துப் போனார்கள். நாங்க என்ன எல்.கே.ஜி.யா என்று அலுவலக ஜன்னலில் வந்து சண்டை போட்டார்கள். சில வாத்தியார்களும் சிரித்தார்கள். அவர் மாற்றவில்லை. அப்போதுதான் அந்த மூன்று நாள் விதியையும் எழுதினார். வீட்டுக்குக் கடிதம் போகும் முன், அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் அந்தப் பிள்ளையை நேரில் பார்த்திருக்க வேண்டும். பார்க்கும்போது ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது. எங்கே இருந்தாய் என்று கேட்க வேண்டும்.

அந்த விதியை வைத்துக்கொண்டு நான் போய்ப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றுமில்லை. ஒருத்தனுக்கு அம்மை போட்டிருந்தது. ஒருத்தி அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ஒருத்தன் என்னைக் கண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிந்தான். வீணாக நடந்தேன் என்று நினைத்ததில்லை. மீதி இருந்தவர்களும் அதே நடையில்தான் எனக்குக் கிடைத்தார்கள். பிரியதர்ஷினி, உன் மிசின் முகத்தைப் பார்க்கும். இல்லாத முகத்தைத் தேடிப் போகாது. அதற்குத்தான் ஆபீசில் நீங்கள் இருக்கிறீர்கள். புதுசாக வந்தவர்களுக்கு இதைச் சொன்னால் போதும்.

கவிப்பிரியா திரும்பி வந்ததும் எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முதல் மாதத்திலேயே மறுபடி இரண்டு நாள் வரவில்லை. பயந்துகொண்டு போன் செய்தேன். "இன்னிக்கு முடியலீங்க மேடம். காலைல இருந்து ஒரு மாதிரியா இருக்குது. அப்பாகிட்டச் சொல்லிட்டேன். மத்தியானம் டாக்டர்கிட்டப் போறேன்" என்றாள். நான் எதுவும் கேட்காமலே மூன்றையும் சொல்லிவிட்டாள். போனை வைத்துவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தேன்.

ரோல் நம்பர்படி பக்கத்தில் உட்கார வேண்டிய பெண் ஆயிஷா, கோவை கரும்புக்கடை ஏரியாக்காரி, வாய் ஓயாதவள். அவள் மூலமாக இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். சாயங்காலம் த்ரோபால் மைதானத்தில் கவிப்பிரியாவின் சத்தம் அலுவலகம் வரை கேட்கும். கணக்கு அரியரை இரண்டாம் தடவையில் முடித்தாள். மருத்துவர் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

மூன்றாம் வருஷக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. மத்தியானச் சீட்டுகள் வந்தன. பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கவிப்பிரியா, 'ஏ'. அடுத்த மூன்று மணி நேரமும் 'ஏ'. காலையில் வந்திருக்கிறாள். உடனே போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"எங்க இருக்கே கண்ணு?"

யாரோ கிசுகிசுத்தார்கள். பிறகு மெல்லிய குரல். "மேடம்... தியேட்டர்லீங்க."

"யாருகூட?"

"ஆறு பேருமே வந்திருக்கோமுங்க. ஆயிஷா பொறந்தநாளுங்க. அப்பாகிட்டச் சொல்லிராதீங்க மேடம்."

பதிவேட்டைப் பார்த்தேன். அதே வகுப்பில் அதே நேரத்தில் ஆறு பேர் வரவில்லை. இத்தனை வருஷத்தில் கிளாசைக் கட் அடித்த ஒரு பிள்ளைமேல் எனக்கு இவ்வளவு பிரியம் வந்ததில்லை. "படம் பாரு" என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் துணை முதல்வர் அறையில் அன்றைய பட்டியலைப் படித்து அந்தப் பெயருக்கு வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"ஏ போட்டுட்டீங்களா?"

"ஆறு பேருக்கும் போட்டுட்டேனுங்க."

"சரிங்க." கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "படம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்களா?" என்றார்.

"கேக்கலீங்க மேடம்."

"கேளுங்க."

மறுநாள் இடைவேளையில் அலுவலக ஜன்னலுக்கு அவளை வரச் சொல்லிக் கேட்டேன். பயந்துகொண்டே வந்தவள், கேள்வியைக் கேட்டதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். பர்ஸ்ட் ஹாஃப் சூப்பராம், செகண்ட் ஹாஃப் ஒரே இழுவையாம், கிளைமாக்ஸை இவளாக இருந்தால் வேறு மாதிரி வைத்திருப்பாளாம். எப்படி வைத்திருப்பாள் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே போனாள். பெல் அடித்துவிட்டது. ஆயிஷா கையைப் பிடித்து இழுக்கிறாள். இவள் விடுவதாக இல்லை.

"இருடி, மேடத்துக்கு முடிவைச் சொல்லிட்டு வாரேன்" என்றாள்.